செனட்டரின் வாய்

எபெரியாமுக்குச் ‘செனட்டரின் வாய்’ என்று பெயர் வைத்தவள் நான்தான். அதற்காக அவன் ஒரு நாளும் என்மேல் கோபித்துக்கொண்டதில்லை. சொல்லப்போனால் அதைத் தன் பட்டங்களில் ஒன்றாகவே சேர்த்துக்கொண்டான். பசிபிக் கடலில் இருக்கிற எங்கள் பொன்பே தீவில் ஆளுக்கொரு பட்டம் உண்டு. பகுதித் தலைவர் கொடுத்த பட்டத்தைச் சொல்லித்தான் விருந்துகளில் கூப்பிடுவார்கள். அவனுக்கும் ஒன்று இருந்தது. ஆனால் எங்கள் கித்திப் பகுதிக்கு வந்து அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. செனட்டரின் வாய் என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

அவன் என் பெரியம்மா மகன். ஆறு மாதம் மூத்தவன், அதனால் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். கோபம் வந்தால் மட்டும் ‘அண்ணே’ என்பேன். அப்படிக் கூப்பிட்டால் அவனுக்கு உடனே தெரிந்துவிடும், இன்றைக்கு வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று.

சாலைத் துறையில் லாரி ஓட்டினான். அது போக நிலத்தில் பெருவள்ளிக்கிழங்கும் சக்காவ் செடியும் போட்டிருந்தான். இரண்டு வேலையையும் ஒழுங்காகச் செய்தான். ஆனால் அவன் உயிர் இருந்தது என்னவோ என் கடை வாசல் பெஞ்சில்தான். செனட்டர் காஸ்டர் லுட்ரிக் தலைநகர் பாலிக்கிரில் காலையில் பேசியது மாலைக்குள் அந்தப் பெஞ்சுக்கு வந்து சேர்ந்துவிடும். வாயில் பாக்கும் சுண்ணாம்புமாக உட்கார்ந்து, மீன் டப்பா வாங்க வந்தவளையும் நிறுத்தி வைத்து விளக்குவான். அரிசி விலை, சாலை, மின்சாரம் எல்லாம் உண்டு. ஆனால் அவனுக்குப் பிடித்த விஷயம் போர்தான். எங்கோ வெளிநாட்டில் நடக்கிற சண்டையைப் பற்றிச் செனட்டரின் நிலைப்பாடு என்ன என்று அவன் சொல்ல ஆரம்பித்தால் கோழிகள்கூட ஒதுங்கிப் போகும்.

அந்த நிலைப்பாடு எத்தனை தடவை மாறியது என்பதுதான் கதை.

நாங்கள் இளசுகளாக இருந்தபோது அமெரிக்காவோடு ஒப்பந்தம் போடலாமா என்று ஊரைக் கேட்டு ஓட்டு வைத்தார்கள். காஸ்டர் அப்போது பள்ளிக்கூட வாத்தியார். ‘ஜப்பான்காரன் நம் சீமைப்பலா மரங்களை வெட்டி விமான தளம் போட்டான், அமெரிக்காக்காரன் அதன்மேல் குண்டு போட்டான், இரண்டு பேரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? இன்னொருத்தன் சண்டைக்கு நம் தீவைக் கொடுக்காதே’ என்று அவர் பேசினார். அதை எபெரியாம் மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொன்னான். எனக்கும் அந்தப் பேச்சு பிடித்திருந்தது. ஒப்பந்தம் வந்தது. காஸ்டர் செனட்டர் ஆனார். எங்கள் பிள்ளைகள் அமெரிக்கப் பட்டாளத்தில் சேரலாம் என்றும் ஆனது.

ஈராக்கில் போர் மூளும்போது செனட்டரின் பேச்சு வேறாக இருந்தது. நண்பன் சண்டைக்குப் போகிறான், நாம் அவன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ரேடியோவில் சொன்னார். நமக்கென்று பட்டாளம் கிடையாது, நம் பிள்ளைகள்தான் நம் பங்கு என்றார். அங்கே பயங்கர ஆயுதங்கள் இருப்பது உறுதி என்றார். எப்படித் தெரியும் என்று ரேடியோ கேட்கவில்லை. நான் கேட்டேன், பெஞ்சில் இருந்தவனை.

“அன்னிக்கு, அடுத்தவன் சண்டையில நமக்கென்ன வேலைன்னு கத்துனியே, எபெரியாம்?”

“அன்னிக்கு அது சரி. இன்னிக்கு இது சரி.”

“உங்க ஆளு வாய மாத்திட்டாருன்னு சொல்லிட்டுப் போயேன்.”

“மாத்தல, ப்ரிஸ்கா. காத்து மாறுதுல்ல, பாயத் திருப்பணும். திருப்பாம உக்காந்திருந்தா படகு கவுந்துடும்.”

“படகுல யாரு இருக்கா? அவரா, நம்ம பிள்ளைங்களா?”

அவன் சிரித்தான். பாக்கைத் துப்பிவிட்டு, “உன்கிட்ட பேசுறதுக்கு அந்த சதாமையே சமாளிச்சிடலாம்” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

என் மகன் ரெலியோ அப்போது பள்ளி முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். புருஷன் போன பிறகு எனக்கென்று இருப்பவன் அவன் ஒருத்தன். குவாம் தீவிலிருந்து ஆள் எடுக்க வந்த அமெரிக்கப் பட்டாளத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நான் வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றேன். எபெரியாம் நாலு நாள் வந்து உட்கார்ந்து பேசினான்.

“மூணு மாசத்துல முடிஞ்சிடும்னு செனட்டரே சொல்லிட்டார். இவன் பயிற்சி முடிச்சு வெளிய வரதுக்குள்ள அங்க எல்லாம் அடங்கிடும். அப்புறம் படிப்புச் செலவு அவங்களோடது. இங்க இருந்து என்ன பண்ணப் போறான், உன் கடையில நூடுல்ஸ் பாக்கெட்ட ஒடச்சுத் தின்னுட்டு இருப்பான்.”

“உன் பொண்ண அனுப்புவியா?”

“ஷெர்மினா போறாள்னு முடிவாயிடுச்சு.”

அதற்குமேல் நான் தடுக்கவில்லை. ஊரான் பிள்ளையை அனுப்பிவிட்டுத் தன் பிள்ளையைப் பொத்தி வைத்துக்கொள்கிறவன் இல்லை அவன். அதை இன்றைக்கும் சொல்வேன். ரெலியோ போனான். ஷெர்மினாவும் போனாள். எங்கள் பகுதியிலிருந்து இன்னும் சிலரும், எபெரியாமின் பேச்சைக் கேட்டு, போனார்கள்.

மூன்று மாதம் முடிந்தது, வருஷமும் முடிந்தது, போர் முடியவில்லை. ஆயுதங்களும் அகப்படவில்லை. தீவின் அந்தப் பக்கத்திலிருந்து போன ஒரு பையன் பெட்டியில் வந்தபோது செனட்டர் சமாதானத்துக்காக ஜெபிக்கச் சொன்னார். அடுத்த தடவை ஆள் எடுக்க வந்தபோது சேவையைப் பற்றிப் பேசினார். எபெரியாம் இரண்டையும் பெஞ்சில் உட்கார்ந்து விளக்கினான். கொஞ்சம் சத்தம் குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

பிறகு ஷெர்மினா செத்துப்போனாள்.

அவள் சாமான் ஏற்றுகிற லாரி ஓட்டினாள், அப்பன் மாதிரியே. சாலையோரத்தில் குண்டு புதைத்து வைத்திருந்தார்கள். பெட்டி வந்து இறங்கிய அன்று மழை. விறைப்பான உடுப்பில் வந்தவர்கள் கொடியை முக்கோணமாக மடித்து அவன் மனைவி பெர்னிட்டாவின் கையில் வைத்தார்கள். அவளுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. என்னிடம் கொடுத்தாள். நான் அதை மடியில் வைத்துக்கொண்டு சாவு வீடு முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். நனைந்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் அப்போது நினைத்தேன். அழுகை எல்லாம் பிறகுதான் வந்தது.

சாவுக்குச் செனட்டர் வந்தார். பெரிய பன்றி ஒன்றும் அரிசி மூட்டைகளும் கொண்டுவந்தார். விடுதலைக்காக உயிர் கொடுத்த மகள் என்று பேசினார். நன்றாகத்தான் பேசினார், பெண்கள் அழுதார்கள். பேசி முடித்து உட்காரப் போகும்போது எபெரியாம் எழுந்து நின்றான்.

“ஐயா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அங்க ஆயுதம் இருக்குன்னு நீங்க சொன்னீங்க. நான் வீடு வீடா போயிச் சொன்னேன். இருந்துச்சா?”

“இப்ப அதப் பேசுற நேரமா, எபெரியாம்?”

“எப்ப பேசுற நேரம்னு சொல்லுங்க, அப்ப வரேன்.”

யாரோ அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். செனட்டர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அவன் விடவில்லை. கோயில் வாசலில் கேட்டான், கொலோனியா நகரச் சந்தையில் பார்த்தபோது கேட்டான், அவருடைய அலுவலகத்துக்கே போய்க் கேட்டான். அவன் கேட்டது காசு இல்லை, வேலை இல்லை. வாராவாரம் செனட்டர் ரேடியோவில் பேசுவார் இல்லையா, அதில் ஒரே ஒரு தடவை, ‘அந்தப் போர் தப்பு, நான் அதை ஆதரித்தது தப்பு, உங்கள் பிள்ளைகளைப் போகச் சொன்னது தப்பு’ என்று சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

“சொன்னா உன் பொண்ணு வந்துடுவாளா?” என்று நான் ஒரு நாள் கேட்டேன். நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

அவன் பெஞ்சிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். “மார்ச்சுல மறுபடி ஆள் எடுக்க வராங்க, ப்ரிஸ்கா. அவரு சொன்னா நிப்பாங்க. நான் சொன்னா, பாவம் பொண்ணப் பறிகொடுத்தவன் புலம்புறான்னு போயிடுவாங்க.”

அதே மார்ச்சில் தேர்தலும் வர இருந்தது. அதனால்தான் செனட்டர் எங்கள் வழக்கத்தைக் கையில் எடுத்தார்.

எங்களில் ஒருவன் இன்னொருவனுக்குப் பெரிய தீங்கு செய்துவிட்டால் வேரோடு பிடுங்கிய சக்காவ் செடியைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். வேரைக் கல்லில் வைத்து இடித்து, மரப்பட்டை நாரில் சுற்றிப் பிழிந்து, முதல் கொட்டாங்கச்சியைத் தீங்குபட்டவன் கையில் கொடுக்க வேண்டும். சேறு மாதிரி, வழவழவென்று இருக்கும். அதைக் குடித்தால் சாராயம் குடித்தவன்போலக் கத்தத் தோன்றாது. நாக்கு மரத்துப்போகும், கால் தளரும், ஆள் அடங்கிவிடுவான். குடித்துவிட்டால் மன்னித்துவிட்டதாக அர்த்தம். பிறகு அந்த விஷயத்தைச் சாகும்வரை வாயில் எடுக்கக் கூடாது. கொலையைக்கூட இப்படி முடித்திருக்கிறார்கள். கோப்பையை வேண்டாம் என்று தள்ளியவன் எங்கள் பகுதியில் ஒருவனும் கிடையாது. தள்ளினால் வந்தவனை அல்ல, கூட வந்த தலைவரை, ஊரை, செத்த முன்னோரை எல்லாம் தள்ளியதாகும்.

ஒரு நாள் மத்தியானம் செனட்டர், எங்கள் பகுதித் தலைவரைக் கூட்டிக்கொண்டு, நாலு ஆள் தூக்குகிற பெரிய செடியோடு எபெரியாம் வீட்டுக்கு வந்தார். சேதி கேட்டு நான் கடையைப் பூட்டிவிட்டு ஓடினேன். பெர்னிட்டாவுக்குக் கை உதவி வேண்டுமே என்றுதான் போனேன் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவன் குடிக்கிறானா என்று பார்க்கப் போனேன்.

கல்லில் இடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. செனட்டர் சட்டையில்லாமல், தலை குனிந்து, இரண்டு கையாலும் கோப்பையை ஏந்திக்கொண்டு எபெரியாம் முன்னால் வந்து உட்கார்ந்தார். கிழவராகிவிட்டார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எபெரியாம் கையை நீட்டவில்லை.

“எதுக்கு ஐயா இது?”

தலைவர் கனைத்தார். “எபெரியாம், அதெல்லாம் கேக்குற வழக்கம் இல்ல.”

“உங்க துக்கத்துல எனக்கும் பங்கு உண்டுன்னு கொண்டு வந்தேன்ப்பா” என்றார் செனட்டர்.

“துக்கத்துக்குப் பன்னி கொண்டு வந்தீங்களே. இது தப்புக்குக் கொண்டு வர்றது. எந்தத் தப்புன்னு வாயால சொல்லுங்க, குடிச்சிடறேன்.”

செனட்டர் கோப்பையை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். கோப்பையிலிருந்து கொஞ்சம் தொடையில் சிந்தியது. அவர் சொல்ல மாட்டார் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அடுத்த நாள் ரேடியோவிலும் சொல்ல வேண்டும், அடுத்த மாதம் குவாமிலிருந்து வருகிறவர்கள் முகத்தைப் பார்த்தும் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருக்கத்தானே கோப்பையைக் கொண்டுவந்தார்.

தலைவர் மெதுவாகச் சொன்னார், “என் கிழட்டுக் கால இழுத்துக்கிட்டு வந்திருக்கேன்டா. என்னை இப்படியே திரும்பிப் போகச் சொல்றியா?”

எபெரியாம் பெர்னிட்டாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோப்பையை வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, குடித்தான்.

 வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவனைத் திட்டினேன். இத்தனை நாள் நாய்போல விடாமல் துரத்தியவன், ஒரு கொட்டாங்கச்சிக்கு அடங்கிவிட்டானே என்று. அவன் நிலையில் இருந்தால் நான் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று அன்றைக்கு யோசிக்கவில்லை.

மறுநாளிலிருந்து அவன் பெஞ்சுக்கு வந்தாலும் போரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் வேண்டுமென்றே ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். பாக்கை மென்றுகொண்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தேர்தலுக்குச் சில வாரம் இருக்கும்போது செனட்டரின் வண்டி என் கடை முன் நின்றது. முகத்தில் நல்ல தெளிவு. எல்லாருக்கும் பாக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு எபெரியாம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நமக்குள்ள எல்லாம் முடிஞ்சது, இல்லையா?”

“முடிஞ்சது ஐயா.”

“நீ இல்லாம இந்தப் பக்கம் எனக்கு ஓட்டு ஏது? பழையபடி வீடு வீடா போகணும்ப்பா. நீ போயி நின்னாலே போதும், ஜனங்களுக்குப் புரிஞ்சிடும்.”

எபெரியாம் பாக்கைத் துப்பினான். “போறேன் ஐயா. எந்தெந்த வீட்டுக்கு முன்ன போனேனோ அந்த வீட்டுக்கெல்லாம் போறேன்” என்றான்.

செனட்டர் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான் கடைக்கு உள்ளே போய்விட்டேன். அங்கே நின்றிருந்தால் மீன் டப்பாவை எடுத்து எறிந்திருப்பேன், யார்மேல் என்று தெரியாது.

அதற்கப்புறம் அவன் பழைய பிக்கப் வண்டி தினமும் சாயங்காலம் என் கடையைத் தாண்டிப் போனது. பின்னால் சக்காவ் செடி, வேரில் மண்ணோடு. பிரசாரத்துக்குப் போகிறவன் குடிக்கக் கொடுத்து ஓட்டுக் கேட்கிறான் என்று நினைத்தேன். கை காட்டினான். நான் காட்டவில்லை.

மலைப்பக்கம் இருக்கிற லோரீனா அரிசி வாங்க வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவளுடைய மூத்தவன் பட்டாளத்தில் இருக்கிறான், இளையவன் மார்ச்சில் பரீட்சை எழுத இருந்தான்.

“அக்கா, எபெரியாம் எங்க வீட்டுக்கு வந்தாரு.”

“ஓட்டுக் கேட்டானா?”

“இல்லக்கா. மன்னிப்புக் கேட்டாரு. செடியைப் பிடுங்கிக் கொண்டு வந்து, அவரே இடிச்சு, எங்க வீட்டுக்காரர் முன்னாடி உக்காந்துட்டாரு. ‘அந்தப் போரு நியாயம்னு உங்க வீட்டுல வந்து சொன்னேன். அது பொய்யி. ஆயுதம் இருக்குன்னு சொன்னேன். இல்ல. மூணு மாசம்னேன். உங்க பிள்ளையப் போகச் சொன்னேன். இது எல்லாம் என் தப்பு’ன்னாரு. ஒண்ணொண்ணா சொல்லிட்டுத்தான் கோப்பையக் கொடுத்தாரு. எங்க வீட்டுக்காரர் அழுதுட்டாருக்கா.”

“செனட்டரப் பத்தி?”

“அவரு பேரே வரல.”

அரிசியை அளந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. கோப்பை அவன் வாயைக் கட்டியது செனட்டர் செய்த தப்பைப் பற்றித்தான். தன் தப்பை ஒத்துக்கொள்வதை எந்த வழக்கம் தடுக்கும்? செனட்டர் ரேடியோவில் சொல்லியிருக்க வேண்டிய ஒவ்வொரு வார்த்தையையும் தன் தப்பாக ஆக்கி, அதே வீடுகளில், அதே திண்ணமான குரலில் சொல்லிக்கொண்டு போகிறான். நான் அவனைத் திட்டியதெல்லாம் நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

செனட்டருக்கும் சேதி போகாமல் இருக்குமா? அவருடைய ஆட்கள் தலைவரிடம் போய், குடித்த கோப்பையை அவன் மீறிவிட்டான் என்று முறையிட்டார்கள். தலைவர் அவனைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு என் பெஞ்சில் வைத்துத் தலைவரின் மருமகனே அதைச் சொன்னான்.

“மாமா கேட்டாரு, ‘ஏண்டா, செனட்டரப் பத்திப் பேசுறியாமே?’ இவரு சொல்றாரு, ‘யாராவது ஒருத்தரு என் வாயிலேர்ந்து அவர் பேரக் கேட்டேன்னு சொல்லட்டும், உங்க கால்ல விழறேன்.’ ஒருத்தரும் சொல்லல. ‘அப்ப ஊரெல்லாம் என்னத்தப் பேசுற?’ ‘என் தப்பச் சொல்லி மன்னிப்புக் கேக்கறேன், தலைவரே. கேக்கக் கூடாதுன்னா சொல்லுங்க, நிறுத்திடறேன்.’ மாமா அவரப் பக்கத்துல உக்கார வெச்சாரு. அப்புறம், ‘உன்கிட்ட செடி பத்தலைன்னா என் தோட்டத்துல வந்து பிடுங்கிக்கோ’ன்னுட்டாரு.”

பெஞ்சில் சிரிப்பு. நான் சிரிக்கவில்லை. எனக்குள் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டுக்கும் போனவன் என் வீட்டுக்கு இன்னும் வரவில்லை.

ஓட்டுப்போடுகிற நாளுக்கு முந்தின மாலை வந்தான். பெர்னிட்டாவும் வந்தாள். வண்டியிலிருந்து அவன் இறக்கிய செடியைப் பார்த்ததும் கடையிலிருந்து இறங்கி ஓடினேன். அவன் தோட்டத்திலேயே பழைய செடி அது. ஷெர்மினா திரும்பி வருகிற நாளில் விருந்துக்கு இடிக்க என்று அதைத் தொடாமல் வைத்திருந்தான். ஊருக்கே தெரியும்.

“அண்ணே, அதத் திருப்பி எடுத்துட்டுப் போ” என்றேன்.

அவன் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் என் புருஷன் போட்ட கல் கிடக்கிறது. அதைக் கழுவி, இடிக்க ஆரம்பித்தான். பெர்னிட்டா மரப்பட்டையை நீவிக் கொடுத்தாள். நான் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு நின்றேன். ரெலியோ போன வாரம்தான் போனில் பேசியிருந்தான். ரொம்ப வெயில் என்றான், மழையை டப்பாவில் அடைத்து அனுப்பு என்று கிண்டல் செய்தான்.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, கோப்பையை ஏந்திக்கொண்டு என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். லோரீனா சொன்னதெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னான். நாலு நாள் வந்து பேசியதைச் சொன்னான். நூடுல்ஸ் பாக்கெட்டைச் சொல்லிக் கேலி செய்ததைக்கூட விடவில்லை.

“உன் பிள்ளைய நீ வேண்டாம்னே. நான்தான் அனுப்பி வெச்சேன். அது என் தப்பு, ப்ரிஸ்கா.”

எனக்குப் பயம் வந்தது. கோபம் இல்லை, பயம். அந்தக் கோப்பையை நான் சாவு விழுந்த வீட்டில்தான் பார்த்திருக்கிறேன்.

“என் பையன் உயிரோட இருக்கான். நல்லா இருக்கான். போன வாரம் பேசினான். எனக்கு எதுக்கு இதக் கொண்டு வர்ற? உன் வீட்டுல விழுந்தாப்பல என் வீட்டுலயும் விழணும்னு...” மேலே சொல்ல முடியவில்லை. பெர்னிட்டா அங்கே இருக்கிறாள்.

எபெரியாம் கோப்பையை இறக்கவில்லை. தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

“அவரு எல்லாம் முடிஞ்சப்புறம் வந்தாரு, ப்ரிஸ்கா. அப்ப எனக்குக் குடிக்கிறதத் தவிர வேற வழி இல்ல. நான் முன்னாடியே வந்திருக்கேன். இப்ப நீ மாட்டேன்னு சொல்லலாம்.”

செனட்டரின் கோப்பையைக் குடித்த பிறகு அவன் அவரைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். அதை நான் எந்தத் தலைவரிடமும் சொல்லவில்லை.

கோப்பையை வாங்கினேன். குளிர்ச்சியாக இருந்தது. வேரின் மண்வாசனை அடித்தது. எங்கள் பகுதியில் ஒருவரும் தள்ளாத கோப்பையை நான் அவன் முன்னால் தரையில் வைத்தேன்.

“மாட்டேன்” என்றேன். “உன்மேல எனக்குக் கோபம் இருக்கு. இருக்கட்டும். அவன் விமானத்துலேர்ந்து இறங்கி இந்தக் கடைக்குள்ள நடந்து வர்ற அன்னிக்குக் கொண்டா, குடிக்கிறேன். அதுவரைக்கும் நீ என் பெஞ்சுல உக்காந்து எல்லார்கிட்டயும் பேசணும். வாய மூடக் கூடாது.”

பெர்னிட்டா அன்றைக்குத்தான், மகள் செத்ததிலிருந்து முதல் தடவையாக, என்னைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். எபெரியாம் கோப்பையில் இருந்ததைக் கல்லிலேயே ஊற்றினான். கிளம்பும்போது இடிக்காமல் ஒதுக்கி வைத்திருந்த தண்டிலிருந்து ஒரு துண்டை ஒடித்து, கடைக்குப் பின்னால், கொல்லையில் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நட்டான்.

தேர்தலில் செனட்டர் ஜெயித்தார். எங்கள் பகுதியில் மட்டும் தோற்றார். குவாம்காரர்கள் பரீட்சை வைத்தபோது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் யாரும் போகவில்லை. மற்ற இடங்களில் போனார்கள். இப்போது அவர் ரேடியோவில் சமாதானம் பேசுகிறார். போரைப் பற்றித் தமக்கு முதலிலிருந்தே சந்தேகம் இருந்தது என்று சொல்கிறார். அதைக் கேட்டால் எபெரியாம் எழுந்து போய் மூத்திரம் பெய்துவிட்டு வருவான். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டான், குடித்த கோப்பை அப்படி.

நட்ட தண்டு பிடித்துக்கொண்டது. சக்காவ் வேர் பருத்து இடிக்கிற பதத்துக்கு வர நாலைந்து வருஷம் ஆகும். செடி இப்போது என் இடுப்பு உயரம் இருக்கிறது. ரெலியோவை ஊருக்கே விடாமல் இரண்டாவது தடவையாக ஈராக்குக்கு அனுப்பியிருக்கிறார்கள்.